படம் தப்பியது, நித்திரை போனது

போன கிழமை படங்களைச் சேமிக்கும் என் இரண்டு டிஸ்க் பெட்டியில் ஒரு டிஸ்க் செத்துப்போய் மாற்றினேன். அதைக் கேள்விப்பட்ட முல்லைத்தீவு ஸ்டூடியோத் தம்பி ஒருவர், "அண்ணை, நானும் ஒன்று வாங்கட்டோ?" என்று கேட்கிறார்.

டிஸ்க் சாவது பெரிய விஷயமே இல்லை. இரண்டு டிஸ்க்கிலும் ஒரே பிரதியை எழுதும் ரெய்ட் 1இல் ஒன்று போனால் மற்றது நிற்கும். நான் காசு கொடுத்தது வேறொன்றுக்கு. டிஸ்க் சாகாமலே சில பைட்டுகள் மாறிப்போகும். பழைய கல்யாணவீட்டுப் படத்தைத் திறந்தால் பாதிக்குக் கீழே வெறும் சாம்பல் பட்டை. இரண்டு பிரதியும் வேறுபட்டால் எது சரி என்று வெறும் ரெய்டுக்குத் தெரியாது. பெட்டியின் கோப்பு முறையான பிடிஆர்எஃப்எஸ் ஒவ்வொரு துண்டுக்கும் செக்சம் (அந்தத் துண்டிலிருந்து கணக்கிட்ட சரிபார்ப்பு எண்) வைத்திருப்பதால், பழுதானதைப் பிடித்து நல்ல பிரதியிலிருந்து திருத்திவிடும். மாதத்துக்கொருக்கால் எல்லாவற்றையும் வாசித்துச் சரிபார்க்கும் ஸ்க்ரப்பை ஓடவிடுகிறேன். ஒருமுறை 2014ஆம் ஆண்டுச் சாமத்தியவீட்டுப் படமொன்றின் பெயரைச் சொல்லி, திருத்தியாச்சு என்று லாக்கில் போட்டிருந்தது. திறந்தேன். பிள்ளையின் சேலைச் சரிகைவரை சுத்தம். 2009க்கு முந்தின படம் ஒன்றுகூட மிஞ்சாத வீடுகள் இங்கே எத்தனை! அந்த ஒரு வரியின் பெறுமதி வன்னியில் ஆருக்கும் விளங்கும்.

(செக்சம் வசதியை ஃபோல்டர் உருவாக்கும்போதே டிக் பண்ண வேண்டும். என் பெட்டியில் பிறகு போட வழியில்லை.)

ஆனால் அந்தக் கீச்சுச் சத்தம்! டிஸ்க் போனதும் அலறுகிறது. சரி, அலறட்டும். மெனுவுக்குள் போய் நிறுத்தினால், கரண்ட் போய் வந்து பெட்டி எழும்பியதும் மறுபடி தொடக்கம். கிளிநொச்சி மழைக்காலத்தில் கரண்டைப் பற்றிச் சொல்லவா வேண்டும்? யூபிஎஸ் கொஞ்ச நேரம்தான் தாங்கும். கடையின் பின்னறையில் படுக்கிறவன் நான். கொழும்பிலிருந்து புது டிஸ்க் வரும்வரை நித்திரையில்லை. வந்தபிறகும், நல்ல டிஸ்க்கிலிருந்து புதியதுக்கு 4 டெராபைட்டைச் செக்கனுக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலே ஏழரை மணித்தியாலம். இடையில் ஆல்பம் வேலையும் ஓடினால் இன்னும் இழுக்கும்.

நான் வாங்கியதில் இதைவிட உருப்படியான சாமான் இல்லை. ஆனாலும் தம்பிக்கு வாங்காதே என்றுதான் சொன்னேன். தவறுதலாக அழித்தால் இரண்டிலும் அழியும், ஆகவே வெளியே ஒரு பிரதி எப்படியும் வேண்டும். இரண்டு யூஎஸ்பி டிஸ்க் வாங்கி, நூற்றுக்குப் பத்து அளவில் பழுதான பகுதியைத் திருத்த உதவும் பார்2 மீட்புக் கோப்பும் போட்டு, ஒன்றை வேறு வீட்டில் வைக்கட்டும். என் பெட்டியின் ஸ்பீக்கரைக் கழற்றத்தான் கை துடிக்கிறது. வாரண்டி முடியட்டும்.