அணியா, அலையா: 1925–26இன் இரண்டு குவாண்டம் வழிகள்

அணுவுக்குள் என்ன நடக்கிறது என்ற ஒரே கேள்விக்கு, அரையாண்டு இடைவெளியில் இரண்டு விடைகள் வந்தன. பார்த்தால் ஒன்றுக்கொன்று ஒட்டுறவே இல்லை.

முதலில் ஜெர்மன் இயற்பியலாளர் ஹைசன்பெர்க். 23 வயது. 1925 ஜூனில் மகரந்த ஒவ்வாமை தாங்காமல் ஹெல்கோலாந்து தீவுக்குப் போனவர், அங்கேதான் கணக்கை முடித்தார். எலெக்ட்ரானின் பாதையை யாரும் பார்த்ததில்லை. கண்ணில் படுவது நிறமாலைக் கோடுகளின், அதாவது அணு உமிழும் ஒளியைப் பிரித்தால் தெரியும் கோடுகளின், அதிர்வெண்ணும் பிரகாசமும்தான். சரி, பாதையை விட்டுவிட்டு, அளக்க முடிகிறவற்றை மட்டும் அட்டவணையாக்கிப் பெருக்குவோம் என்றார். பெருக்கினால், எதை முன்னால் வைக்கிறோம் என்பதைப் பொறுத்து விடை மாறியது. அவருக்கே அது உறுத்தியது. எண்களை வரிசையும் நிரலுமாக அடுக்கிய அட்டவணைக்குக் கணிதத்தில் அணி (matrix) என்று பெயர். ஏற்கெனவே உள்ள அந்த அணிப் பெருக்கல்தான் இது என்று கண்டுகொண்டவர் ஜெர்மனியின் கோட்டிங்கனில் இருந்த இயற்பியலாளர் மாக்ஸ் பார்ன்.

இரண்டாவது விடை ஷ்ரோடிங்கருடையது. அவர் 38 வயதுப் பேராசிரியர். எலெக்ட்ரானுக்கும் அலைக்குணம் உண்டு என்ற பிரெஞ்சு இயற்பியலாளர் டி பிராய்யின் கருத்தைப் பிடித்துக்கொண்டு, 1926 தொடக்கத்தில் அந்த அலைக்கு ஒரு சமன்பாடு எழுதினார். இரு முனையும் இறுகக் கட்டிய தந்தியில் ஒரு வளைவு நிற்கும், இரண்டு நிற்கும், மூன்று நிற்கும், ஒன்றரைக்கு இடமில்லை. அணுவின் ஆற்றல் படிகளும் அப்படித்தான் தாமாக வந்து விழுந்தன.

கணக்குப் போட எது வசதி? சந்தேகமே இல்லை, அலைதான். ஹைட்ரஜனை அணி வழியில் தீர்க்க பவுலி போன்ற ஒரு மேதை மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. அலைச் சமன்பாடோ அன்றைய இயற்பியலாளர்களுக்குப் பழகிய வகை.

இருவருக்கும் மற்றவர் வழி அறவே பிடிக்கவில்லை. அணி வழி தன்னை விலக்கித் தள்ளியதாக ஷ்ரோடிங்கர் அச்சிலேயே எழுதினார். இத்தனைக்கும், இரண்டும் கணித அளவில் ஒன்றே என்று அதே 1926இல் காட்டியவரும் அவர்தான்.

ஆனால் அலையைக் கண்ணால் காண்பதுபோல் கற்பனை செய்யலாம் என்ற ஆறுதல் நீடிக்கவில்லை. ஹீலியத்தில் இரண்டு எலெக்ட்ரான்கள். ஒன்றுக்கு மூன்று வீதம் அதன் அலைக்கு 6 பரிமாணங்கள் வேண்டும். நம் வெளியில் அதற்கு ஏது இடம்? அந்த அலை எலெக்ட்ரான் அகப்படும் நிகழ்தகவைத்தான் சொல்கிறது என்று விளக்கியவரும் பார்ன்தான். இங்கேதான் என் மனம் ஹைசன்பெர்க் பக்கம் சாய்கிறது. பழைய படம் உதவாது என்பதை முதல் நாளே ஒப்புக்கொண்டது அவர் வழி.

இன்றும் மாணவர்கள் பெரும்பாலும் அலையில்தான் தொடங்குகிறார்கள். கோட்டிங்கனில் உள்ள பார்னின் கல்லறையில் பொறித்திருப்பதோ, வரிசை மாறினால் விடை மாறும் என்ற அந்தப் பெருக்கல் விதி.