பி.ஐ.ஆர். சென்சாரா, மைக்ரோவேவ் சென்சாரா? டெல்டா கட்டடங்களுக்கு எது பொருந்தும்

ஆள் வந்தால் விளக்கு எரியவும், போனால் அணையவும் கடைகளில் பெரும்பாலும் கிடைப்பவை பி.ஐ.ஆர்., மைக்ரோவேவ் என்ற இந்த இரண்டு வகை சென்சார்கள்தான். விலையைப் பார்த்து வாங்குவதைவிட, மாட்டப்போகும் இடத்தைப் பார்த்து வாங்க வேண்டும்.

பி.ஐ.ஆர். எந்த அலையையும் அனுப்பாது. உடம்புச் சூட்டுக்கும் சுவரின் சூட்டுக்கும் உள்ள வித்தியாசம் நகர்வதைத்தான் பார்க்கும். சித்திரை, வைகாசியில் ஏசி இல்லாத மாடிப்படியில் சுவர் 35 டிகிரியைத் தொட்டால் அந்த வித்தியாசமே கரைந்துவிடும். மார்கழியில் தூரத்திலேயே பிடித்த சென்சார், ஆள் கிட்டே வந்த பிறகுதான் விழிக்கும். ஆகவே தஞ்சாவூர் வெயிலில் மாடிப்படிக்கும் நடைக்கும் மைக்ரோவேவே மேல்.

ஆனால் மைக்ரோவேவ் 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை அனுப்பி, அசைவதையெல்லாம் ஆள் என்று எடுத்துக்கொள்ளும். பக்கத்தில் சீலிங் ஃபேன் சுற்றினால் விளக்கு அணையவே அணையாது. கண்ணாடியையும் பிளைவுட் தடுப்பையும் ஊடுருவும் என்பதால், கும்பகோணம் கடைவீதியில் கண்ணாடி முகப்புள்ள கடைக்குள் மாட்டினால் தெருவில் போகும் பஸ்ஸுக்கும் விளக்கு எரியும். அங்கே பி.ஐ.ஆர்.தான் சரி, கண்ணாடிக்கு அப்பால் அது பார்க்காது. ஃபேன் ஓடும் அலுவலகக் கூடத்துக்கும் அதுவே. அணையும் நேரத்தை மட்டும் 15 நிமிடமாக வையுங்கள், இல்லாவிட்டால் அசையாமல் கணக்கு எழுதுகிறவர் இருட்டில் உட்கார்ந்திருப்பார்.

கழிப்பறையில் கதவு சாத்திய அறைக்குள் பி.ஐ.ஆர். எட்டாது. மைக்ரோவேவைப் போட்டு, எக்ஸாஸ்ட் ஃபேனிலிருந்து தள்ளி மாட்டி, சென்சிட்டிவிட்டியைக் குறைத்து வையுங்கள்.

எது வாங்கினாலும் கெடுவது பெரும்பாலும் சென்சாருக்குள் விளக்கை ஆன், ஆஃப் செய்யும் சின்ன சுவிட்சான ரிலேதான். 18 வாட் எல்.இ.டி. பேனல் விளக்கு 20 போட்டால் ஓடும் கரண்ட் 2 ஆம்பியரைத் தாண்டாது. 10 ஆம்பியர் ரிலே தாராளம் என்று தோன்றும். ஆனால் எல்.இ.டி. டிரைவர்கள் ஆன் ஆகும் கணத்தில் பல மடங்கு இழுக்கும். நாளடைவில் ரிலேயின் முனைகள் உருகி ஒட்டி, விளக்கு நிரந்தரமாக எரியும். சென்சார், அதிக கரண்டைத் தாங்கும் பெரிய ரிலே போன்ற ஒரு காண்டாக்டரை இயக்கட்டும். விளக்குகளை காண்டாக்டர் இயக்கட்டும். பழைய கட்டடத்து சுவிட்ச் பெட்டியில் நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) பெரும்பாலும் இருக்காது. அதை இழுக்காமல் இரண்டு வயர் சென்சார் மாட்டினால், அணைந்த பிறகும் எல்.இ.டி. மங்கலாக மினுங்கும்.

வெளி போர்டு விளக்குக்கு இவை இரண்டுமே வேண்டாம். லைட் சென்சார் ஐப்பசி மழை மூட்டத்தில் பகலிலேயே எரியவிடும். சாதா டைமரோ சூரியனோடு ஒத்துப்போகாது: தஞ்சாவூரில் நவம்பரில் 5.47 வாக்கில் மறையும் சூரியன், ஜூலையில் 6.40 வரை நிற்கும். இடத்தையும் தேதியையும் வைத்து சூரியன் மறையும் நேரத்தைத் தானே கணக்கிடும் அஸ்ட்ரோ டைமர் வாங்கி, அட்சரேகை 10.8 வடக்கு, தீர்க்கரேகை 79.1 கிழக்கு என்று பதியுங்கள். உள்ளே பேட்டரி உள்ளதாகப் பாருங்கள், கரண்ட் போனாலும் மணி தவறாது.