வளைக்குள் வாழும் டரான்டுலா: நான்கில் எதை வளர்ப்பது?

கோபால்ட் புளூ டரான்டுலாவின் படம் ஒன்றைப் பார்த்து மயங்கித்தான் பலர் இந்த வளர்ப்புக்குள் வருகிறார்கள். மயங்குவதில் வியப்பில்லை. வெளிச்சம் சரியான கோணத்தில் பட்டால் அதன் கால்கள் மயில் கழுத்துபோல மின்னும். ஆனால் அந்தச் சிலந்தி தன் வாழ்நாளின் பெரும்பகுதியை மண்ணுக்கடியில், இருட்டில், தானே தோண்டிய வளைக்குள் கழிக்கிறது என்பது படத்தில் தெரிவதில்லை. வாங்கி வந்து பெட்டியில் விட்ட சில நாட்களில் அது மண்ணுக்குள் இறங்கிவிடும். அப்புறம் நமக்குத் தெரிவது மண்ணும் ஒரு துளையும்தான்.

அது உங்களுக்குச் சரி என்றால் மேலே படியுங்கள். சரியில்லை என்றால் தரையில் வெளிப்படையாக உட்கார்ந்திருக்கும் இனங்கள் எத்தனையோ உண்டு. அவற்றில் ஒன்றை வாங்குவது உங்களுக்கும் நல்லது, சிலந்திக்கும் நல்லது.

டரான்டுலாக்கள் அடங்கிய தெரபோசிடே குடும்பத்தில் 1000-க்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. மரத்தில் வாழ்பவை, தரையில் திரிபவை, ஆழமாக வளை தோண்டுபவை என்று வளர்ப்பவர்கள் அவற்றைப் பிரித்துப் பேசுவார்கள். இங்கே நான் எடுத்துக்கொண்டது மூன்றாவது வகையிலிருந்து நான்கு: தென்கிழக்கு ஆசியாவின் கோபால்ட் புளூ, கிழக்கு ஆப்பிரிக்காவின் கிங் பபூன், ஏமனுக்குச் சொந்தமான சோகோட்ரா தீவின் புளூ பபூன், மத்திய அமெரிக்காவின் கோஸ்டா ரிக்கா ஜீப்ரா. நான்கும் வளை தோண்டுபவை. ஆனால் எவ்வளவு ஆழம், எவ்வளவு ஈரம், எவ்வளவு அடிக்கடி வெளியே தலைகாட்டும் என்பதில் ஒன்றுக்கொன்று வெகுதூரம்.

முதலில் "கோபக்காரச் சிலந்தி" என்ற பேச்சைப் பார்த்துவிடுவோம்

எந்த இனம் கோபம் குறைந்தது என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். என் பார்வையில் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது மண்ணின் ஆழத்தை. கடைகளில் வாங்குபவர் கண்ணுக்குத் தெரிய வேண்டும் என்பதற்காக இரண்டு விரற்கடை மண் போட்ட டப்பாவில் இவற்றை வைத்திருப்பார்கள். ஓடி ஒளிய இடமில்லாத விலங்கு வேறென்ன செய்யும்? முன்னங்கால்களைத் தூக்கும், நச்சுப் பற்களைக் காட்டும், தண்ணீர் ஊற்றினால் தண்ணீரைக்கூடக் குத்தும். அதே சிலந்திக்கு ஆழமான மண் கொடுத்துச் சில வாரம் தொந்தரவு செய்யாமல் விட்டால், மூடியைத் தொட்ட அதிர்வு போதும், வளைக்குள் மறைந்துவிடும். அதன் கெட்ட பெயரில் பெரும்பங்கு நாம் கொடுத்த இடத்தால் வந்தது.

இதைச் சொல்வதால் கடி ஆபத்தில்லை என்று ஆகாது. அமெரிக்கக் கண்டத்து டரான்டுலாக்களில் பெரும்பாலானவற்றுக்கு வயிற்றின் மேல் அரிப்பை உண்டாக்கும் மயிர்கள் உண்டு. ஆபத்து என்றால் பின்னங்காலால் அவற்றை உதறிவிடும். ஆசிய, ஆப்பிரிக்க இனங்களுக்கு அந்த ஆயுதம் இல்லை. அவற்றுக்கு இருப்பது இரண்டு வழி: ஓட்டம், கடி. கடித்தால் கடும் வலி, வீக்கம், சில சமயம் நாள்கணக்கில் தசைப்பிடிப்பு. வீட்டில் நாய் இருந்தால் கூடுதல் கவனம் வேண்டும். ஆஸ்திரேலிய டரான்டுலாக்கள் கடித்து நாய்கள் சில மணி நேரத்திற்குள் இறந்தது மருத்துவப் பதிவுகளில் இருக்கிறது. இந்த நான்கில் எதையும் கையில் எடுத்து விளையாடக் கூடாது. நான்குக்கும் ஒரே விதி, விதிவிலக்கு கிடையாது.

கோபால்ட் புளூ

அறிவியல் பெயர் சிரியோபேகோபஸ் லிவிடஸ். 1996-இல் ஹாப்லோபெல்மா லிவிடம் என்ற பெயரில் விவரிக்கப்பட்டது. விற்பனையில் இன்னும் அந்தப் பழைய பெயர் ஓடுகிறது, இரண்டும் ஒன்றுதான். மியான்மர், தாய்லாந்துப் பகுதிகளின் ஈரக் காட்டு மண்ணில் வாழ்வது. கால் விரித்தால் ஏறக்குறைய 13 செ.மீ.

இதற்கு ஈரம் முக்கியம். மேல்மண் காய்ந்திருந்தாலும் கேடில்லை, அடிமண் எப்போதும் நனைந்திருக்க வேண்டும். பெட்டியின் ஒரு மூலையில் மெதுவாகத் தண்ணீர் ஊற்றி அது கீழே இறங்கும்படி விட்டால் போதும். மேலே தெளித்துக்கொண்டே இருப்பதால் பூஞ்சைதான் வளரும். முழு வளர்ச்சி அடைந்த பெண்ணுக்கு 20 செ.மீ. மண்ணாவது வேண்டும், 25 இருந்தால் இன்னும் நல்லது.

வேகம் என்றால் அப்படி ஒரு வேகம். நான்கில் தப்பி ஓடுவதில் இதுதான் முதலிடம். பராமரிப்பில் சிரமம் எதுவும் இல்லை, வேறு பெட்டிக்கு மாற்றும் அந்தச் சில நிமிடங்கள்தான் சிரமம். ஒரு ஈர மண் இனத்தையாவது சில ஆண்டுகள் வைத்துப் பார்த்தவர்கள் வாங்கலாம் என்பேன்.

நிறத்துக்காக வாங்குபவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆண் முழுவளர்ச்சி அடைந்ததும் நீலம் போய்ப் பழுப்பேறிவிடும், அதற்குப் பிறகு அதிக காலம் உயிரோடும் இருக்காது. அந்த நீலமே சாயம் அல்ல. மயிர்களின் மிக நுண்ணிய அமைப்பு நீல ஒளியை மட்டும் திருப்பி அனுப்புவதால் உண்டாவது. டரான்டுலாக்களில் நீலம் குறைந்தது 8 முறை தனித்தனியாகத் தோன்றியிருக்கிறது என்று 2015-இல் வந்த ஓர் ஆய்வு சொன்னது. இரவில் மட்டும் நடமாடும் உயிருக்கு இத்தனை முறை இந்த நிறம் எதற்கு வந்தது என்பது என்னை இன்றும் விடாத கேள்வி.

கிங் பபூன்

பெலினோபியஸ் மியூட்டிகஸ். கென்யா, தான்சானியாவின் வறண்ட புல்வெளிகளும் புதர்க்காடுகளும் இதன் ஊர். பல காலம் சிதாரிஸ்கியஸ் கிராஷாயி என்று அழைக்கப்பட்டு, 2010-இல் இப்போதைய பெயருக்கு வந்தது. கால் விரித்தால் 20 செ.மீ. வரை போகும், நான்கில் மிகப் பெரியது. துருப்பிடித்த இரும்பின் நிறத்தில் வெல்வெட் போர்த்திய உடல். பின்னங்கால் இரண்டும் தடித்து வளைந்திருக்கும். சீண்டினால் கால்களை உரசிச் சீறும் சத்தம் எழுப்பும், அறையின் மறுகோடியிலும் கேட்கும்.

"வளர்க்கிறேன், ஆனால் பார்த்ததில்லை" என்ற பேச்சுக்கு இதைவிடப் பொருத்தமான சிலந்தி இல்லை. இயற்கையில் இதன் வளை இரண்டு மீட்டர் ஆழம் வரை போகும் என்பார்கள். வீட்டில் அது முடியாது. ஆனாலும் 30 செ.மீ. மண்ணுக்குக் குறைவாக இதை வைத்திருப்பது அநியாயம் என்றே நினைக்கிறேன். ஆழம் கொடுத்தால் மாதக்கணக்கில் கண்ணில் படாது. வளையின் வாசல் மூடப்பட்டிருக்கும், வைத்த இரை அப்படியே கிடக்கும். அப்போது "செத்துவிட்டதோ" என்று கரண்டியை எடுத்துத் தோண்டுவதுதான் பெரிய தீங்கு. உள்ளே அது சட்டை உரிக்கும் நிலையில் இருக்கலாம். உரித்த சில நாட்கள் உடலும் பற்களும் மெத்தென்று இருக்கும், வளை இடிந்தால் அதோடு போயிற்று. நாற்றம் வரவில்லை, வயிறு சுருங்கிய நிலையில் வாயிலுக்கு வந்து கிடக்கவும் இல்லை என்றால் அப்படியே விட்டுவிடுங்கள்.

இன்னொன்று வளர்ச்சி. குஞ்சாக வாங்கினால் அது பெரிதாக ஆண்டுகள் பல பிடிக்கும், நான்கில் இதுதான் மிக மெதுவானது. வளர்ப்பில் இனப்பெருக்கம் செய்வதும் எளிதல்ல. அதனால் சந்தைக்கு வந்த பெரிய பெண் சிலந்திகளில் பல காட்டிலிருந்து தோண்டி எடுக்கப்பட்டவை. பத்து இருபது ஆண்டுகள் ஒரே வளையில் வாழ்ந்திருக்கக்கூடிய ஓர் உயிரை அங்கிருந்து பிடுங்கி விமானத்தில் ஏற்றுகிறார்கள். அதற்குக் காசு கொடுக்க எனக்கு மனம் வராது. கிங் பபூன் வேண்டும் என்றால் வளர்ப்பில் பிறந்த குஞ்சை வாங்கிக் காத்திருங்கள். காத்திருக்க முடியாதவர்களுக்கு இந்த இனம் ஏற்றதல்ல.

சோகோட்ரா புளூ பபூன்

மோனோசென்ட்ரோபஸ் பால்ஃபோரி, 1897-இல் விவரிக்கப்பட்டது. சோகோட்ரா, ஆப்பிரிக்கக் கொம்பு முனைக்குக் கிழக்கே கடலில் தனித்துக் கிடக்கும் தீவு. வேறெங்கும் இல்லாத உயிரினங்கள் நிறைந்தது என்பதால் 2008-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது. இந்தச் சிலந்தியும் அங்கே மட்டும் வாழ்வதுதான். நீலக் கால்கள், வெளிறிய சந்தன நிற உடல்.

நான்கில் ஒன்றைச் சொல் என்றால் இதைச் சொல்வேன், காரணம் இருக்கிறது. இதுவும் வளை தோண்டும். ஆனால் வளையோடு நிற்காமல் வாயிலைச் சுற்றி, கல்லுக்கடியில், கட்டையோரம் எங்கும் தடிமனாக நூல் விரித்துப் பாதைகள் அமைக்கும். மாலையில் அந்தப் பாதையின் முனையில் வந்து உட்காரும். அதாவது, சிலந்திக்கு ஒளிவிடமும் உண்டு, நமக்குக் காட்சியும் உண்டு. 15 செ.மீ. மண்ணும் மேலே சாய்த்து வைத்த சில மரப்பட்டைகளும் போதும். வறண்ட இனம் என்பதால் ஒரு தண்ணீர்க் கிண்ணமும் எப்போதாவது ஒரு மூலையை நனைப்பதும் போதும். பூஞ்சைத் தொல்லை அரிது.

இதன் பெரிய சிறப்பு கூட்டமாக வாழ்வது. டரான்டுலாக்கள் பொதுவாக ஒன்றையொன்று தின்றுவிடும். இந்த இனத்தில் ஒரே தாயின் குஞ்சுகள் ஒரே பெட்டியில் சேர்ந்து வளர்கின்றன. தாய் பிடித்த இரையைக் குஞ்சுகள் கூடித் தின்பதைப் பல வளர்ப்பாளர்கள் பார்த்திருக்கிறார்கள். இருந்தாலும் புதிதாக வருபவர்கள் கூட்டத்தோடு தொடங்க வேண்டாம். வளர்ந்த, அந்நியச் சிலந்திகளைச் சேர்த்து விட்டால் ஒன்றுதான் மிஞ்சும். கூட்டத்தில் ஒன்று நோயுற்றாலும் நமக்குத் தெரியாது. ஒற்றையாக வளர்த்தாலும் இது நன்றாகவே வாழும்.

வளர்ப்பில் நன்றாகப் பெருகுவதால் தீவிலிருந்து பிடித்து வர வேண்டிய தேவையும் இல்லை. ஆனால் வேகத்திலும் கடியிலும் இது ஆப்பிரிக்க இனங்களைப் போன்றதுதான். அதை மறக்க வேண்டாம்.

கோஸ்டா ரிக்கா ஜீப்ரா

அஃபோனோபெல்மா சீமானி, இதுவும் 1897-இல் விவரிக்கப்பட்டதே. கோஸ்டா ரிக்காவின் பசிபிக் பக்கத்துப் புல்வெளிகளில், குறிப்பாகக் குவானகாஸ்டே மாகாணத்தில், வளை தோண்டி வாழ்வது. கருத்த கால்களில் வெளிர் கோடுகள். அமெரிக்க இனம் என்பதால் கடியின் வீரியம் குறைவு. கடிப்பதைவிட ஓடுவதையே விரும்பும். அந்த ஓட்டமும் வேகமானது. வளைவாழ் சிலந்தி ஒன்றோடு தொடங்க நினைக்கும் புதியவருக்கு இதுதான் பொருத்தம். 15 முதல் 20 செ.மீ. மண், மிதமான ஈரம். வேறு சிறப்பாகச் சொல்ல ஒன்றுமில்லை, அதுவே இதன் நல்ல குணம்.

மண், சூடு, உயரம்

எந்த இனத்தை எடுத்தாலும் மண் கெட்டிக்க வேண்டும். தேங்காய் நார்த்தூளை மட்டும் போட்டால் வளை சரிந்துகொண்டே இருக்கும். அதோடு உரமோ பூச்சிமருந்தோ கலக்காத தோட்டமண்ணைச் சேர்த்து, லேசாக ஈரமாக்கி, அடுக்கடுக்காகக் கையால் அழுத்த வேண்டும். (உலகெங்கும் சிலந்திப் பெட்டிகளில் கிடக்கும் நார்த்தூளில் நம் பொள்ளாச்சிப் பக்கத்துச் சரக்கும் உண்டு.) பிறகு ஒரு குச்சியால் பெட்டிச் சுவரோரம் சாய்வாக ஒரு துளை போட்டுக் கொடுங்கள். சிலந்தி அதைத் தொடர்ந்து தோண்டும், சுவரோரம் என்பதால் சில சமயம் உள்ளே இருப்பதும் தெரியும். அந்தப் பக்கத்தைக் கறுப்புத் தாளால் மூடி வைத்து, பார்க்கும்போது மட்டும் விலக்கலாம்.

மண்ணுக்கு மேலே உயரம் அதிகம் வேண்டாம். கால் விரிப்பின் ஒன்றரை மடங்கு போதும். கிங் பபூன் போன்ற கனத்த சிலந்தி கண்ணாடியில் ஏறி விழுந்தால் வயிறு கிழிந்துவிடும்.

குளிர்நாடுகளில் இருப்பவர்கள் செய்யும் ஒரு தவறு உண்டு: சூட்டு விரிப்பைப் பெட்டிக்கு அடியில் வைப்பது. வெயில் தாங்காமல் கீழே இறங்குவதுதான் இந்தச் சிலந்திகளின் பிறவிப் பழக்கம். கீழே சூடு இருந்தால் அது சூட்டை விட்டு ஓடுவதாக நினைத்து இன்னும் ஆழமாகச் சூட்டுக்குள்ளேயே போகும், வறண்டு சாகும். சூடு தேவை என்றால் அறையைச் சூடாக்குங்கள். மனிதருக்கு வசதியான அறை வெப்பம் இவற்றுக்கும் பெரும்பாலும் போதும்.

வாங்குவதற்கு முன்

சிங்கப்பூரில் டரான்டுலா வளர்ப்பது சட்டப்படி குற்றம். அங்குள்ளவர்களுக்கு இந்த அலசல் படிப்பதற்கு மட்டும். இந்தியாவுக்கும் இலங்கைக்கும் உரிய போசிலோதீரியா மரச்சிலந்திகள் எல்லாம் 2019 முதல், அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளன. மற்ற இனங்களுக்கும் இறக்குமதி விதிகள் நாட்டுக்கு நாடு மாறும், உங்கள் ஊர் வனத்துறையில் கேட்காமல் பணம் கட்டாதீர்கள். தோட்டத்தில் வளை கண்டால் அதைத் தோண்டி எடுத்து வருவதும் வேண்டாம்.

விற்பவரிடம் இரண்டு கேள்வி. வளர்ப்பில் பிறந்ததா, தாய் யாரிடம் இருக்கிறது? தெளிவாகப் பதில் வராவிட்டால் காட்டிலிருந்து வந்தது என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடுத்தது, ஆணா பெண்ணா? பெண்கள் 20 ஆண்டுகள்கூட வாழும். ஆண்களுக்கு முழுவளர்ச்சிக்குப் பின் மிஞ்சுவது சில மாதங்களோ ஒரு வருடத்துக்குச் சற்று மேலோதான். வயிற்றைப் பார்த்து "பெண்தான்" என்று சொல்வதை நம்ப வேண்டாம். கடைசியாக உரித்த சட்டையைக் கேளுங்கள். அதன் வயிற்றுப் பகுதியை நனைத்து விரித்து, முதல் இணைச் சுவாசப் பைகளுக்கு நடுவே உருப்பெருக்கியில் பார்த்தால், பெண்ணாக இருந்தால் விந்துப்பையின் (ஆணிடம் பெற்ற விந்தைச் சேமித்து வைக்கும் பை) மடிப்பு தெரியும்.