கார்டு பாயிண்டைச் சேர்த்து வைத்திருப்பவர்கள் கவனத்துக்கு

எங்கள் ஊர் களியக்காவிளை. துபாயில் இருக்கும் மகளுக்கு ஜூனில் பிரசவம் என்றதும் டிக்கெட்டைப் பற்றி நான் கவலைப்படவே இல்லை. என் கிரெடிட் கார்டில் 75,000 பாயிண்ட் இருந்தது. அவளுடைய கல்யாணத் துணி, மண்டபம், வீட்டு மளிகை என்று மூன்று வருடமாக அந்த ஒரே கார்டில் தேய்த்துச் சேர்த்தது. 5 பாயிண்டுக்கு விமான நிறுவனத்தின் 4 மைல் (பணத்துக்குப் பதிலாகக் கொடுத்து டிக்கெட் எடுக்கும் புள்ளி) கிடைக்கும் என்று சொல்லித்தான் கார்டைத் தந்தார்கள். அந்தக் கணக்கில் 60,000 மைல். திருவனந்தபுரத்திலிருந்து இரண்டு பேர் போய்வரலாம், வரியை மட்டும் கையிலிருந்து கட்டினால் போதும்.

மே மாதம் ஆப்பைத் திறந்தால் 75,000க்கு நேரே 30,000 மைல் என்று காட்டியது. தப்பாகத் தட்டிவிட்டேனோ என்று மூன்று முறை பார்த்தேன். 5க்கு 4 என்றிருந்ததை 5க்கு 2 ஆக்கிவிட்டார்கள். மார்ச்சில்தான் வருடக் கட்டணம் 10,000, ஜிஎஸ்டி 1,800, மொத்தம் 11,800 ரூபாய் எடுத்திருந்தார்கள்!

கஸ்டமர் கேரில் பேசிய பெண் "மெயில் அனுப்பியிருக்கிறோம் சார்" என்றார். தேடினேன், இருந்தது. தலைப்பு "உங்கள் கார்டில் புதிய மேம்பாடுகள்". பாதியாகக் குறைத்த விஷயம் கீழே, பொடி எழுத்தில். விதிகளை எப்போது வேண்டுமானாலும் மாற்றலாம் என்று விண்ணப்பத்திலேயே கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம்.

பேறுகால லேகியம் கிண்டி, பாட்டிலில் அடைத்து, துணி சுற்றி வைத்திருந்தாள் மனைவி. "பிள்ளைக்க கூட நான் போய் நிக்கேன், நீங்க கடையைப் பாருங்க" என்று அவள் மட்டும் போனாள். பேத்தியை நான் போனில்தான் பார்த்தேன். அதுதான் இன்னும் ஆறவில்லை.

வங்கிகள் மீதான புகாரை விசாரிக்கும் ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடம் போகலாமா என்றும் விசாரித்தேன். வங்கியின் வணிக முடிவு என்று சொல்லிவிட்டால் அங்கே புகாரை எடுக்க மாட்டார்கள். நம் பக்கத்தில் சீட்டுக் கட்டினால்கூட கையில் ஒரு பாஸ்புக் இருக்கும், தொகை எழுதியிருக்கும். பாயிண்டுக்கு அப்படி ஒன்றும் கிடையாது. அதன் விலையை வைப்பவரும் குறைப்பவரும் அவர்களே. அதனால் வருடக்கணக்கில் சேர்க்காதீர்கள், அவ்வப்போது செலவழித்துவிடுங்கள். மைலாக மாற்றுவதானால், விமானத்தில் இடம் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு மாற்றுங்கள். ஒருமுறை மாற்றினால் திரும்ப வராது, மைலுக்கும் காலாவதி உண்டு. வங்கியிலிருந்து "மேம்பாடு" என்று மெயில் வந்தால் கடைசி வரி வரை படியுங்கள்.

கார்டே வேண்டாம் என்றால் முதலில் பாயிண்டை எடுத்துவிட்டு, பாக்கியைக் கட்டிவிட்டு, அப்புறம் எழுத்தில் கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிப்படி 7 வேலை நாளுக்குள் மூட வேண்டும். தாமதித்தால் நாளுக்கு 500 ரூபாய் உங்களுக்குத் தர வேண்டும். என் கார்டை ஆறாம் நாளே மூடிவிட்டார்கள்.