கிருஷ்ணகிரியில் ‘உணவு வழியே ஊர் வரலாறு’: பணம் கட்டும் முன் படியுங்கள்

பழையபேட்டையில் ஞாயிற்றுக்கிழமைகளில், கடை கடையாக அழைத்துப் போய்ச் சாப்பிட வைத்து ஊர்க் கதை சொல்லும் இந்த நடைக்குத் தலைக்கு 900 ரூபாய். ஐந்து கடைகள், மூன்று மணி நேரம், சாப்பாடு உட்பட என்பது அறிவிப்பு. போன பிறகோ கடைக்குக் கடை தனியே காசு கேட்டார்கள். “ருசி பார்க்க ஒரு வாய் மட்டும்தான் சார் கட்டணத்தில் சேரும்” என்றார் வழிகாட்டி. ரசீதும் கிடையாது.

காசு போனால் போகட்டும், அவர் சொன்ன வரலாறு இருக்கிறதே! அதியமான் படை களியும் மிளகாய்த் துவையலும் தின்றுவிட்டுத்தான் போருக்குப் போனதாம். மிளகாய் இந்தியாவுக்கு வந்ததே 1498க்குப் பிறகு, போர்த்துகீசியர் வழியாக. உடன் வந்த ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதை எடுத்துச் சொன்னதும், “அது வேறு மிளகாய் ஐயா” என்று பதில் வந்தது. அதியமான் ஆண்ட தகடூர் மண்ணில் சொல்வதற்கு உண்மைச் செய்திக்கா பஞ்சம்? கரும்பை இங்கே கொண்டுவந்தவர்கள் அதியமானின் முன்னோர் என்று புறநானூற்றின் 99ஆம் பாடலில் ஔவையார் பாடியிருக்கிறார். அப்போது நாங்கள் நின்றதோ ஒரு வெல்லக்கடை வாசலில். அதைப் பற்றி மூச்சு விடவில்லை அவர்.

அடுத்தது ராகிக் களி. நொய் வெந்து கொதிக்கும்போது மாவைக் கொட்டித் துடுப்பால் கட்டி விழாமல் கிளற வேண்டும். ஈரக்கையால் தொட்டால் ஒட்டக்கூடாது. எங்கள் தட்டுக்கு வந்த உருண்டை விரலை விடவே இல்லை. பிட்டுப் பார்த்தால் நடுவில் வேகாத மாவு. கீரைக் கடைசல் இருக்க வேண்டிய இடத்தில் நீர்த்த சாம்பார். விலை 80 ரூபாய்.

கார்த்திகை மாதத்தில் மாம்பழச் சாறு வேறு. “காலையில் தோட்டத்தில் பறித்தது” என்றார்கள். பெங்களூரா ரக மாம்பழ வரத்து ஆடியோடு ஓய்ந்துவிடும் என்பது இந்த மாவட்டத்தில் பள்ளிப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். எட்டிப் பார்த்தேன், கல்லாவுக்குப் பின்னால் ஒரு பையன் மாங்கூழ் டின்னைத் திறந்துகொண்டிருந்தான். மாங்கூழ் ஒன்றும் மட்டமான பொருள் அல்ல. பெங்களூராவைக் கூழாக்கி வெளிநாட்டுக்கு அனுப்பும் ஆலைகளால்தான் கிருஷ்ணகிரி மாம்பழத்துக்கு இத்தனை பெயர். அந்த டின்னையே கையில் எடுத்துக் காட்டி அந்தக் கதையைச் சொல்லியிருந்தால் கைதட்டியிருப்பேன்.

கடைசிக் கடையில் முதலாளி எங்கள் தலைகளை எண்ணி நோட்டில் குறித்துக்கொண்டு, வழிகாட்டியிடம் ஒரு கவரை நீட்டினார். கடைகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறார்கள் என்பது அப்போதுதான் விளங்கியது.

பணத்தைத் திருப்பிக் கேட்டதும் என் எண்ணைத் தடை செய்துவிட்டார்கள். பெயரை மாற்றிக்கொண்டு தருமபுரிக் கோட்டைப் பக்கமும் தொடங்கப் போவதாகக் கேள்வி. யாரிடம் பதிவு செய்தாலும், எந்தெந்தக் கடை, எதெல்லாம் கட்டணத்தில் அடங்கும் என்பதை முதலிலேயே எழுத்தில் வாங்கிவிடுங்கள். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் நான் புகார் பதிந்திருக்கிறேன். இதே நடையில் ஏமாந்தவர்கள், பணம் அனுப்பியதற்கான ஸ்கிரீன்ஷாட் இருந்தால் நீங்களும் பதியுங்கள்.