வாங்காத கடனுக்கு வசூல் போன்: ரிசர்வ் வங்கியின் புகார்த் தளம் எந்த அளவுக்குக் கைகொடுக்கும்?

வாங்காத கடனுக்குத் தவணை கேட்டு தினமும் போன் வந்தால், விஷயத்தைக் கேள்விப்படுகிறவர்கள் எல்லோரும் சொல்லும் யோசனை ஒன்றுதான்: ‘ஆர்பிஐயில் புகார் கொடுத்துவிடு.’ அந்தப் புகார்த் தளத்தின் பெயர் சிஎம்எஸ். 2021 நவம்பர் 12 அன்று தொடங்கிய ரிசர்வ் வங்கியின் ஒருங்கிணைந்த குறைதீர்ப்பாளர் (ஆம்புட்ஸ்மேன்) திட்டத்தின் வாசல் அது. கட்டணம் இல்லை, வக்கீல் தேவையில்லை, நாட்டின் எந்த மூலையிலிருந்தும் போடலாம்.

மதிப்பீட்டை முதலிலேயே சொல்லிவிடலாம். பணம் கேட்பவனுக்குப் பின்னால் உண்மையான வங்கியோ என்பிஎஃப்சியோ (வங்கி அல்லாத நிதி நிறுவனம்) இருந்தால், இதைவிட வலுவான இலவச வழி இல்லை. ஆனால் முதலில் நிறுவனத்திடம் முறையிடாமல் வரிசை தப்பிப் போட்ட புகாரை, உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று பார்க்காமலே மூடிவிடுவார்கள். பின்னால் இருப்பது போலி லோன் ஆப் என்றால் இந்த வாசலில் நிற்பது வீண்.

வசூல் ஏஜெண்டிடம் வாதாடுவதில் எந்தப் பயனும் இல்லை. எய்தவன் இருக்க அம்பை நோவானேன்? அவர் கையில் இருப்பது ஒரு பட்டியல்: பெயர், நம்பர், பாக்கித் தொகை. அதிலிருந்து உங்களை நீக்கும் அதிகாரம் அவருக்குக் கிடையாது. நீங்கள் சொன்ன விளக்கத்தை அவர் எழுதி வைத்தாலும், அடுத்த மாதம் அதே பட்டியல் வேறு ஏஜென்சிக்குப் போகும்போது அந்தக் குறிப்பு கூடவே போகும் என்று நம்ப முடியாது. பட்டியலைத் திருத்தக்கூடியது கடன் கொடுத்த நிறுவனம் மட்டுமே.

ஆகவே முதல் போனில் கேட்க வேண்டியது நான்கே விஷயம்: எந்த நிறுவனத்தின் கடன், கடன் கணக்கு எண் என்ன, ஏஜென்சியின் பெயர் என்ன, பேசுபவர் யார். ‘வெரிஃபை பண்ணணும்’ என்று பிறந்த தேதி, பான், ஆதார், முகவரி எது கேட்டாலும் சொல்ல வேண்டாம். தவறான பட்டியலில் சரியான விவரங்களை நீங்களே நிரப்பிக் கொடுத்ததாகிவிடும். ‘இப்போ கஷ்டம், கொஞ்சம் டைம் கொடுங்க’ என்று பேச்சை முடிக்கச் சொல்லும் வார்த்தைகூடக் கடனை ஒப்புக்கொண்டது போலாகும். தொல்லை விட்டால் போதும் என்று ஐந்நூறோ ஆயிரமோ கட்டுவது அதைவிட மோசம்.

ஏஜெண்ட் வீட்டுக்கே வந்தால் அடையாள அட்டையையும் நிறுவனம் கொடுத்த அங்கீகாரக் கடிதத்தையும் கேளுங்கள். இரண்டும் கையில் இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2008லேயே சொல்லிவிட்டது. வாசலிலேயே நிறுத்திப் பேசி அனுப்புங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போட வேண்டாம், ‘வந்து போனதுக்கு அத்தாட்சி’ என்று நீட்டினாலும்.

எல்லோரும் மேற்கோள் காட்டும் விதி ரிசர்வ் வங்கியின் 2022 ஆகஸ்ட் 12 சுற்றறிக்கை. காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் வசூலுக்காகப் போன் செய்யக்கூடாது என்கிறது அது. மைக்ரோ ஃபைனான்ஸ் கடனுக்குக் காலை 9, மாலை 6. ஆனால் நேரத்தை மட்டும் பிடித்துக்கொண்டு புகார் எழுதினால், ‘இனி அந்த நேரத்தில் அழைக்க மாட்டோம்’ என்று ஒரு வரியில் பதில் வரும். கடனே இல்லாதவருக்குப் பகல் 11 மணி போனும் தொல்லைதானே. அதே சுற்றறிக்கை பொய்யான தகவல் சொல்வதையும், மிரட்டுவதையும், கடன் வாங்கியவரின் உறவினர், நண்பர், ரெஃபரன்ஸ் கொடுக்கப்பட்டவர் ஆகியோரின் அந்தரங்கத்தில் தலையிடுவதையும் தடை செய்கிறது. உங்கள் புகார் நிற்க வேண்டியது அந்த வரிகளின் மேல்.

அடுத்து, தவறு எங்கே நடந்தது என்று பிரித்துப் பார்க்க வேண்டும். ஆதாரம் அதற்கேற்ப மாறும்.

அடிக்கடி நடப்பது பழைய நம்பர் கதை. ஒருவர் விட்ட மொபைல் எண்ணை 90 நாள் கழித்து இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள். பழையவரின் பாக்கி புதியவரின் காதில் ஒலிக்கிறது. இதற்குச் சிம் உங்கள் பெயரில் எந்தத் தேதியில் இயங்கத் தொடங்கியது என்று காட்டும் ஆவணம் போதும். தொலைபேசி நிறுவனத்தின் கடையிலோ ஆப்பிலோ கேட்டு வாங்கலாம். கடன் தேதி அதற்கு முந்தையது என்றால் அங்கேயே விஷயம் முடிந்தது. ரத்தான மொபைல் எண்களின் பட்டியலைப் பார்த்துத் தங்கள் பதிவுகளைச் சுத்தம் செய்யும்படி வங்கிகளுக்கும் நிதி நிறுவனங்களுக்கும் 2025 ஜனவரி 17 அன்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. கடிதத்தில் இதைக் குறிப்பிடுங்கள். நிறுவனத்தின் கடமை என்று தெரிந்து எழுதப்பட்ட கடிதத்துக்குப் பதில் வேறு மாதிரி வரும்.

நண்பரோ சக ஊழியரோ உங்கள் எண்ணை ரெஃபரன்ஸாகக் கொடுத்திருந்தால் நீங்கள் கட்டக் கடமைப்பட்டவர் அல்ல. ஜாமீன் கையெழுத்துப் போட்டிருந்தால் கதை வேறு. அது உங்கள் கடன்தான், இந்தக் கட்டுரை உதவாது.

சிக்கலானது, உங்கள் பான் எண்ணை வைத்து வேறு யாரோ கடன் வாங்கியிருப்பது. இங்கே நிறுவனத்திடம் நான்கு ஆவணங்களை எழுத்தில் கேளுங்கள்: கடன் ஒப்பந்த நகல், கேஒய்சி (அடையாளச் சரிபார்ப்பு) ஆவணங்கள், விண்ணப்பத்தில் ஓடிபி போன மொபைல் எண், பணம் வரவு வைக்கப்பட்ட வங்கிக் கணக்கு. கடைசியில் உள்ளதுதான் அசைக்க முடியாத ஆதாரம். டிஜிட்டல் கடன் விதிப்படி, சில விலக்குகள் தவிர, பணம் கடன் வாங்குபவரின் கணக்குக்கே நேராகப் போக வேண்டும். போன கணக்கு உங்களுடையது இல்லை என்றால் மேற்கொண்டு விளக்கம் சொல்ல வேண்டியவர்கள் அவர்கள். கூடவே சைபர் கிரைம் தளத்தில் ஆள்மாறாட்டப் புகார் பதிந்து, அந்த ஒப்புகை எண்ணையும் கடிதத்தில் சேருங்கள்.

கட்டி முடித்த கடனுக்கே மறுபடி கேட்பது நான்காவது வகை. ‘நோ டியூஸ்’ கடிதம் இருந்தால் ஒரே மெயிலில் தீரும். இல்லாவிட்டால் கடைசித் தவணை போன வங்கி ஸ்டேட்மென்ட்டைத் தோண்டி எடுக்க வேண்டியதுதான்.

இனிக் கடிதம். வாடிக்கையாளர் சேவை எண்ணில் பேசியது கணக்கில் வராது, எழுத்து வேண்டும். நிறுவனத்தின் இணையதளத்தில் குறைதீர் அலுவலர் அல்லது நோடல் அதிகாரியின் (புகார்களுக்குப் பொறுப்பானவர்) மெயில் முகவரி இருக்கும், அங்கே அனுப்புங்கள். பத்து வரிக்கு மேல் வேண்டாம். ‘இந்தக் கணக்கு எண்ணில் உள்ள கடனை நான் வாங்கவில்லை, ஜாமீனும் போடவில்லை. இன்ன எண்களிலிருந்து இன்ன தேதிகளில் அழைப்பு வந்தது. என் எண்ணைப் பதிவிலிருந்து நீக்கி, எனக்கும் இந்தக் கடனுக்கும் தொடர்பில்லை என்று எழுத்தில் தாருங்கள். கடன் தகவல் நிறுவனங்களுக்கு அனுப்பிய பதிவைத் திருத்துங்கள்.’ இவ்வளவுதான். ஆத்திரத்தையும் சட்டப் பிரிவுகளையும் கொட்டி மூன்று பக்கம் எழுதினால், கேட்டது என்ன என்றே தெரியாமல் போய்விடும்.

அனுப்பிய நாளிலிருந்து 30 நாள் எண்ணுங்கள். பெரும்பாலானோர் சறுக்குவது இங்கேதான். பதில் வராமல் 30 நாள் முடிய வேண்டும், அல்லது திருப்தியில்லாத பதில் வந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகே சிஎம்எஸ். 2021 திட்டப்படி, பதில் வந்திருந்தால் அந்தத் தேதியிலிருந்து ஓராண்டுக்குள் போட வேண்டும். வராவிட்டால் முதல் கடிதத் தேதியிலிருந்து ஓராண்டும் 30 நாளும். இன்னொரு பொறி: நிறுவனத்துக்கு அனுப்பும் மெயிலிலேயே ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கும் ஒரு காப்பி போட்டுவிட்டு நிம்மதியாக இருப்பது. நேரடியாக அவருக்கு என்று எழுதாதது திட்டத்தின் கண்ணில் புகாரே அல்ல. அதே விவகாரம் நீதிமன்றத்தில் நிலுவையில் இருந்தாலும் ஏற்க மாட்டார்கள்.

தளத்தைப் பயன்படுத்துவது கடினம் இல்லை. மொபைல் எண்ணுக்கு ஓடிபி, பிறகு நிறுவனத்தின் பெயரைத் தேர்வு செய்வது, நிறுவனத்திடம் புகார் கொடுத்த தேதி, அதன் நகல், பதில் வந்ததா என்ற கேள்வி. பிராண்டின் பெயருக்கும் கடன் கொடுத்த நிறுவனத்தின் பெயருக்கும் வித்தியாசம் உண்டு என்பதை மட்டும் மறக்க வேண்டாம். ஆப்பின் பெயரைத் தேடினால் கிடைக்காது. ஒப்பந்தத்தில் இருக்கும் என்பிஎஃப்சியின் பெயரைத் தேட வேண்டும். முடிவில் வரும் புகார் எண்ணையும் பிடிஎஃப் நகலையும் சேமித்துக்கொள்ளுங்கள். வீட்டுக் கடன் நிறுவனங்கள் இந்தத் திட்டத்தில் இல்லை. அவற்றுக்குத் தேசிய வீட்டுவசதி வங்கியின் ‘கிரிட்ஸ்’ தளம்.

படிவம் ஆங்கிலத்தில் மிரட்டினால் தமிழிலேயே கடிதம் எழுதித் தபாலில் அனுப்பலாம் என்பது பலருக்குத் தெரியாது. சண்டிகர் செக்டர் 17இல் உள்ள ரிசர்வ் வங்கியின் மையத்துக்கு (பின்கோடு 160017) எந்த மொழியில் வந்தாலும் எடுத்துக்கொள்கிறார்கள். 14448 என்ற இலவச எண்ணில் தமிழிலும் பேசலாம், ஆனால் அங்கே வழிதான் சொல்வார்கள்.

புகார் ஏற்கப்பட்டால் நிறுவனம் 15 நாளுக்குள் ஆவணங்களோடு பதில் தாக்கல் செய்ய வேண்டும். செய்யாவிட்டால் இருப்பதை வைத்துத் தீர்ப்பு வரலாம், அப்படி வந்த தீர்ப்புக்கு எதிராக நிறுவனம் மேல்முறையீடும் செய்ய முடியாது. சிஎம்எஸ்ஸின் உண்மையான பலம் இதுதான். உங்கள் மெயிலுக்கு அசையாத நிறுவனம், குறைதீர்ப்பாளர் அலுவலகத்திலிருந்து கடிதம் வந்ததும் கோப்பைத் திறந்தே ஆக வேண்டும். இழப்பீடும் கேட்கலாம். 2021 திட்டத்தில் நஷ்டத்துக்கு 20 லட்சம் ரூபாய் வரையும், அலைச்சல், மன உளைச்சலுக்கு 1 லட்சம் வரையும் உச்சவரம்பு. அதை முதல் கோரிக்கையாக வைக்காமல் பதிவை நீக்குவதை முதலில் வையுங்கள். தீர்ப்பு உங்கள் பக்கம் வந்தால், 30 நாளுக்குள் நிறுவனத்துக்கு ஏற்புக் கடிதம் கொடுக்காவிட்டால் அது காலாவதியாகிவிடும். ஜெயித்த கையோடு கோட்டை விடுவதற்கு இப்படியும் ஒரு வழி வைத்திருக்கிறார்கள்.

குறை என்னவென்றால், அந்த முதல் 30 நாளும் போன் நிற்காது. நம்பரை பிளாக் செய்தால் வேறு நம்பரில் வரும். ஒரு நோட்டில் தேதி, நேரம், எண், சொன்ன வார்த்தை என்று எழுதி வையுங்கள், வாட்ஸ்அப் மிரட்டல்களை ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். ஆபாசம், கொலை மிரட்டல் என்று போனால் 30 நாள் காத்திருக்க வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை, அன்றே காவல் நிலையம் போகலாம். ‘லோக் அதாலத் நோட்டீஸ்’ என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பவும் வேண்டாம், கிழிக்கவும் வேண்டாம். சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் 15100 எண்ணில் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். உண்மையான நீதிமன்ற சம்மனையோ நடுவர் நோட்டீஸையோ ‘நம்ம கடன் இல்லையே’ என்று ஒதுக்கினால் மட்டும் ஆபத்து. ஆள் வராமலே உங்களுக்கு எதிராகத் தீர்ப்பாகிவிடும்.

இதோடு இணையாகச் செய்ய வேண்டியது கிரெடிட் ரிப்போர்ட். சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள், ஒவ்வொன்றிலும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட் இலவசம். ஸ்கோரைப் பார்த்துவிட்டு மூடிவிடாமல் கணக்குகள் பகுதியையும் விசாரணைகள் (உங்கள் ரிப்போர்ட்டை எந்தெந்த நிறுவனம் கேட்டது) பகுதியையும் வரிவரியாகப் படியுங்கள். உங்களுடையது அல்லாத கணக்கு இருந்தால் ‘இந்தக் கணக்கு என்னுடையதல்ல’ என்று டிஸ்ப்யூட் போடலாம். சிபில் தானாக எதையும் அழிக்காது. கடன் கொடுத்த நிறுவனத்திடம் கேட்டு, அது சொன்னால்தான் திருத்தும். ஆனாலும் 30 நாளைத் தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்ற விதி 2024 ஏப்ரல் 26 முதல் நடைமுறையில் இருக்கிறது.

கடைசியாகப் போலிகள். பாக்கியை ஒரு தனிநபரின் யுபிஐக்கு அனுப்பச் சொன்னால் சந்தேகமே வேண்டாம். டிஜிட்டல் கடனில் தவணை நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போக வேண்டும். செல்போனில் உள்ள தொடர்புப் பட்டியலைத் தொடுவதற்கு முறையான கடன் ஆப்புக்கு அனுமதியே கிடையாது. உங்கள் சொந்தக்காரர்களுக்கெல்லாம் மெசேஜ் போகிறது என்றால் அது எந்த ரகம் என்று தெரிந்துவிடும். இப்படிப்பட்டதைப் புகார் செய்ய, தொலைத்தொடர்புத் துறையின் சஞ்சார் சாத்தி தளத்தில் உள்ள ‘சக்ஷு’, ரிசர்வ் வங்கியின் ‘சசேத்’ தளம், பணம் போய்விட்டிருந்தால் உடனே சைபர் மோசடி உதவி எண் 1930.

எல்லாம் முடிந்து ‘தொடர்பில்லை’ என்ற கடிதம் கைக்கு வந்த பிறகும் இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டை மறுபடி எடுத்துப் பாருங்கள். இலவச வாய்ப்பை நான்கு நிறுவனங்களிலும் ஒரே நாளில் தீர்த்துவிடாமல் ஒன்றையாவது இதற்கென்று மிச்சம் வையுங்கள். கடிதத்தின் படத்தை போனிலேயே வைத்திருங்கள். அடுத்த ஏஜென்சி அழைத்தால் கடிதத்தின் எண்ணையும் தேதியையும் சொல்லிவிட்டு, அதே நாளில் நோடல் அதிகாரிக்கு அந்த நகலோடு ஒரு மெயில் போட வேண்டியிருக்கும்.