சி-45-ஆ, பாப்கேட்டா? ஸ்பாரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்

போர்க்கால இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றை வாங்கிச் சீர்செய்து பறக்கவிட வேண்டும் என்று அமெரிக்காவில் ஆசைப்படுபவர்களின் கண் முதலில் பி-25 குண்டுவீச்சு விமானத்தின் மீதுதான் விழும். ஆனால் தலா 1,700 குதிரைத்திறன் கொண்ட இரண்டு ஆர்-2600 எஞ்சின்களுக்குத் தீனி போடுவது அருங்காட்சியகங்கள் சுமக்கும் பாரம். தவிர 12,500 பவுண்டுக்கு மேற்பட்ட விமானம் என்பதால் தனி டைப் ரேட்டிங் (அந்த ஒரு ரகத்தை ஓட்டுவதற்கான உரிமத் தகுதி) வேண்டும். சி-47 சரக்கு விமானத்துக்கும் அதே நிலைதான். ஒரு ஆளோ, நாலைந்து பேர் பங்கு போட்டோ தாங்கக்கூடியவை என்று கடைசியில் மிஞ்சுவது இரண்டு குடும்பங்கள். ஒன்று பீச்கிராஃப்ட் 18-இன் ராணுவ வடிவங்களான சி-45, ஏடி-11, கடற்படையின் எஸ்என்பி. மற்றொன்று செஸ்னா டி-50-இன் ராணுவ வடிவங்களான ஏடி-17, யூசி-78 பாப்கேட். எங்கள் சாய்வை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்: சி-45, அதிலும் சி-45எச். வேகமும் தோற்றமும் இதில் இரண்டாம்பட்சம். இறக்கையின் ஸ்பார்தான், அதாவது இறக்கையின் நீளத்துக்கு ஓடிச் சுமையைத் தாங்கும் முதன்மை உத்தரம்தான், எங்களை அந்தப் பக்கம் இழுத்தது.

வெளிப்படையான வித்தியாசங்களைச் சுருக்கமாகப் பார்த்துவிடலாம். பாப்கேட்டுக்கு 245 குதிரைத்திறன் ஜேக்கப்ஸ் எஞ்சின்கள், பீச்சுக்கு 450 குதிரைத்திறன் பிராட் அண்ட் விட்னி ஆர்-985. பாப்கேட் இரண்டு எஞ்சினுக்கும் சேர்த்து மணிக்கு ஏறத்தாழ 30 கேலன் குடிக்கும், பீச் 45 கேலன். இறக்கையின் அகலம் பாப்கேட்டுக்கு 42 அடி, பீச்சுக்கு ஏறத்தாழ 48 அடி. வாடகைக்கு ஹேங்கர் தேடும்போது இந்த ஆறு அடி உறைக்கும். இரண்டுமே வால்சக்கர விமானங்கள். இரண்டிலும் மின்மோட்டாரும் செயினும்தான் சக்கரங்களை மடக்குகின்றன. செயின் நீண்டிருக்கிறதா, கிளட்ச் வழுக்குகிறதா, மோட்டார் நின்றுபோனால் கைப்பிடியைச் சுற்றிச் சக்கரத்தை இறக்க முடிகிறதா என்று இரண்டிலும் ஜாக்கியில் தூக்கிவைத்துப் பார்த்தாக வேண்டும். வாங்கும் விலையில் பாப்கேட் மலிவு. பலர் வழுக்கி விழுவது இந்த இடத்தில்தான்.

பாப்கேட்டுக்கு 'மூங்கில் குண்டுவீச்சு விமானம்' என்று வீரர்கள் பட்டப்பெயர் வைத்தார்கள். உண்மையில் அதில் மூங்கில் கிடையாது. உடற்பகுதி பற்றவைத்த எஃகுக் குழாய்ச் சட்டம், மேலே துணி. இறக்கை முழுக்க மரம்: அடுக்கடுக்காக ஒட்டிய ஸ்ப்ரூஸ் ஸ்பார்கள், இறக்கைக்கு வடிவம் தரும் குறுக்குச் சட்டங்களான மர ரிப்கள், முன்விளிம்பில் பிளைவுட், மிச்சத்துக்குத் துணி. இவற்றைச் சேர்த்துப் பிடித்திருப்பது கேசீன், அதாவது பால் புரதத்திலிருந்து செய்த பசை. காய்ந்த நிலையில் அது உறுதியானது. ஈரம் பட்டால் இளகும். ஈரம் தங்கினால் பூஞ்சைக்கு உணவாகிவிடும். 1940-களின் தொடக்கத்தில் ஒட்டிய இணைப்பு இன்று எந்த நிலையில் இருக்கிறது என்பதை வெளியிலிருந்து யாராலும் அறுதியிட்டுச் சொல்ல முடியாது.

சோதிக்கும் வழிகள் இருக்கின்றன. ஈரமானியில் 20 சதவீதத்துக்கு மேல் காட்டும் இடத்தில் அழுகல் இருக்கலாம் என்றே கொள்ளுங்கள். தட்டிப் பார்த்தால் நல்ல மரம் கணீரென்றும் விட்டுப்போன மரம் மொத்தென்றும் ஒலிக்கும். இருப்பதிலேயே மெல்லிய ஃபீலர் கேஜ் (இடுக்கு அளக்கும் உலோகத் தகடு) பசைக்கோட்டுக்குள் நுழைந்தால் அந்த இணைப்பு போய்விட்டது. எஃகு போல்ட்டைச் சுற்றி மரம் கறுத்திருந்தால் அங்கே தண்ணீர் போய்வந்திருக்கிறது. அடிப்பக்க வடிகால் துளைகள் பெயின்ட்டாலோ தூசியாலோ அடைபட்டிருந்தால், அதற்கு நேர்மேலே உள்ள ரிப்பும் ஸ்பாரும் சேரும் மூலையை முதலில் பாருங்கள். எஞ்சினை மூடும் கூடான நசெல்லுக்குக் கீழே உள்ள இடம் இன்னும் மோசம். ரேடியல் எஞ்சின் (சிலிண்டர்கள் வட்டமாக அமைந்தது; இரண்டு விமானத்திலும் இதுதான்) எண்ணெய் கசியத்தான் செய்யும். அது பல பத்தாண்டுகளாக மரத்தில் ஊறியிருந்தால் அந்த மரம் அழுகாவிட்டாலும் பயன்படாது, ஏனென்றால் எண்ணெய் ஊறிய மரத்தில் எந்தப் பசையும் பிடிக்காது. சீவி எடுத்துவிட்டுப் புது மரம்தான் வைக்க வேண்டும்.

இத்தனை சோதனையும் கை எட்டும் இடத்துக்கு மட்டுமே. பிளைவுட்டுக்கு உள்ளே, ஸ்பாரின் அடுக்குகளுக்கு நடுவே என்ன நடந்திருக்கிறது என்று தெரிய வேண்டுமானால் தோலை உரித்தாக வேண்டும். உரித்த பின்பு அது பரிசோதனையாக நிற்காது, மறுகட்டுமானம் ஆகிவிடும். 42 அடி இறக்கை ஒரே துண்டு என்பதால் ஒரு பக்கத்தை மட்டும் கழற்றிப் பட்டறைக்கு அனுப்பவும் வழியில்லை. அதைத் தாங்க நீளமான, கோணாத மேசை வேண்டும். ஸ்பாரில் துண்டு சேர்க்க, சாய்வாகச் சீவி ஒட்டும் ஸ்கார்ஃப் இணைப்புக்கு 12-க்கு 1 சரிவு. ரிசார்சினால் பசை என்றால் ஸ்ப்ரூஸ் போன்ற மென்மரத்துக்குச் சதுர அங்குலத்துக்கு 125 முதல் 150 பவுண்டு வரை சீரான அழுத்தம், பட்டறை வெப்பம் 70 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்குக் குறையாமல். ஒவ்வொரு முறை பசை கலக்கும்போதும் ஒரு மாதிரித் துண்டை ஒட்டிவைத்து உடைத்துப் பார்க்க வேண்டும். மரம் கிழிந்தால் சரி, பசைக்கோட்டில் பிரிந்தால் அன்றைய வேலை முழுக்கச் சந்தேகம். மரவேலையில் எங்கள் அனுபவம் பகுதிப் பழுதுகள் அளவில்தான். இறக்கையையே புதிதாகக் கட்டியவர் யாரேனும் கிடைத்தால் மணிக்கணக்கை அவரிடம் கேளுங்கள். அது ஆயிரங்களில் இருக்கும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

பீச்சின் ஸ்பார் யோக்கியமானதா என்றால், அதற்கும் பெயர் கெட்டதுதான். இறக்கையின் நடுப்பகுதி, வெப்பப் பதம் ஏற்றிய குரோம்-மாலிப்டினம் எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டம். பறக்கும்போது கீழ்க்குழாய் இழுவிசையில் இருக்கும். பற்றுமுனைகளை ஒட்டி அங்கேதான் சோர்வு விரிசல் தொடங்கும். போருக்குப் பிறகு இந்த விமானங்கள் சரக்கு ஏற்றி இரவு பகலாகப் பறந்ததில் மணிகள் ஏறின, விரிசல்கள் வந்தன, இறக்கை முறிந்த விபத்துகளும் நடந்தன. அதன் பிறகுதான் அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகத்தின் 75-27-09 என்ற வான்தகுதி உத்தரவு வந்தது. கீழ் ஸ்பாருக்கு அடியில் ஸ்ட்ராப் எனப்படும் உலோகப் பட்டை பூட்ட வேண்டும், குறிப்பிட்ட இடங்களைத் திரும்பத் திரும்ப எக்ஸ்-ரே எடுக்க வேண்டும் என்பது அதன் சாரம். குழாய் விட்டுப்போனாலும் சுமையைத் தாங்கிப்பிடிப்பது ஸ்ட்ராப்பின் வேலை.

'பீச் 18-ஆ, அந்த ஸ்பார் தலைவலி' என்று ஒதுங்குபவர்கள் நிறையப் பேர். நாங்கள் இதையே சாதகமாகப் பார்க்கிறோம். விமானத்தைக் கழற்றாமலே ஸ்பாரின் நிலை ஃபிலிமில் தெரிகிறது. பழைய ஃபிலிமையும் புது ஃபிலிமையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். பதில் 'இருக்கிறது' அல்லது 'இல்லை' என்று வருகிறது. பாப்கேட்டின் இறக்கை பற்றி விற்பவர் தரக்கூடியது பெரும்பாலும் வாய்வார்த்தைதான்.

எக்ஸ்-ரே எடுக்கும்போது கோணம் முக்கியம். சற்று விலகினால் விரிசல் குழாயின் நிழலில் மறைந்துவிடும். அதனால் இந்த விமானத்தை முன்பே படம் எடுத்துப் பழகிய தொழில்நுட்பரையே கூப்பிடுங்கள். ஸ்ட்ராப் பூட்டியிருக்கிறது என்ற பதிவு மட்டும் போதாது. எந்த நிறுவனத்தின் கிட், அதற்கான ஒப்புதல் தாள், மேஜர் ரிப்பேருக்கான 337 படிவம், இழுவிசை எப்போது சரிபார்க்கப்பட்டது ஆகிய நான்கும் வேண்டும். தளர்ந்த ஸ்ட்ராப் இருந்தும் இல்லாததற்குச் சமம். வெளி இறக்கையை நடுப்பகுதியோடு சேர்க்கும் போல்ட்களைக் கழற்றி, கண்ணுக்குத் தெரியாத விரிசலைக் காட்டும் காந்தத்தூள் சோதனைக்கு அனுப்புங்கள். விரிசல் கண்ட இடத்தில் சாதாரணமாகப் பற்றவைத்த தழும்பு தெரிந்தால் அந்த விமானத்தை விட்டுவிடலாம். பற்றவைத்த சூட்டில் பதம் போயிருக்கும். நடுப்பகுதி மாற்றுவது விமானத்தின் விலையைத் தாண்டக்கூடிய வேலை.

சி-45எச் என்று குறிப்பாகச் சொல்வதற்கும் இதுவே காரணம். 1950-களின் தொடக்கத்தில் பீச் நிறுவனம் போர்க்கால விமானங்களைத் திரும்பப் பெற்று, புது நடுப்பகுதி, புது இறக்கை, புதுச் சக்கர அமைப்பு வைத்து, புது வரிசை எண் கொடுத்து அனுப்பியது. சி-45ஜி, சி-45எச் இரண்டும் அப்படி வந்தவை. ஜி-யில் தானியங்கி ஓட்டி உண்டு, எச்-இல் இல்லை. இன்றைக்கு அந்தப் பழைய கருவி இல்லாததும் நல்லதுதான். கண்ணாடி மூக்குள்ள ஏடி-11 பார்க்க ஈர்க்கும். அமெரிக்க ராணுவத்தின் குண்டுவீச்சாளர்களில் பெரும்பாலோர் பயின்றது அதில்தான். ஆனால் அதன் நடுப்பகுதிக்குப் பத்தாண்டு வயது கூடுதல், மூக்குக் கண்ணாடியும் தனிச் செலவு.

எஞ்சினிலும் பீச் முந்துகிறது. ஆர்-985 மொத்தம் 39,000-க்கு மேல் தயாரானது. பீவர் மிதவை விமானங்களும் மருந்து தெளிக்கும் ஆக்-கேட்களும் அதை இன்றும் ஓட்டுவதால் சிலிண்டரும் பிஸ்டனும் கிடைக்கின்றன, ஓவர்ஹால் செய்யும் பட்டறைகளும் பல. ஜேக்கப்ஸுக்கு அத்தகைய வழிகள் குறைவு. அதன் பற்றவைப்பில் ஒரு பாதி மேக்னெட்டோ (எஞ்சின் சுழற்சியிலேயே தீப்பொறி தரும் கருவி), மறுபாதி பேட்டரி. பேட்டரி செத்தால் அந்தப் பாதியும் போகும். ஒரு எஞ்சின் நின்றால் பாப்கேட்டின் புரொப்பெல்லரை ஃபெதர் செய்ய, அதாவது காற்று எதிர்க்காதபடி அலகுகளைத் திருப்பி வைக்க, முடியாது. யூசி-78பி-யில் இருப்பது அலகுக் கோணம் மாறாத மரப் புரொப்பெல்லர். சி-45எச் பலவற்றில் ஃபெதர் ஆகும் ஹைட்ரோமேட்டிக் புரொப்பெல்லர் உண்டு.

நெடுநாள் நின்ற ரேடியலை எதுவானாலும் உடனே ஸ்டார்ட் செய்யாதீர்கள். எண்ணெய் கீழ் சிலிண்டர்களில் இறங்கித் தேங்கியிருக்கும். ஆர்-985-இல் அவை 5, 6. ஜேக்கப்ஸில் 4, 5. ஸ்விட்சை அணைத்துவிட்டுப் புரொப்பெல்லரைக் கையால் சுற்றுங்கள். இடையில் முட்டினால் அழுத்தித் தள்ளவும் கூடாது, பின்னோக்கித் திருப்பவும் கூடாது. பின்னால் திருப்பினால் எண்ணெய் இன்டேக் குழாய்க்குள் போய், ஸ்டார்ட் ஆனதும் திரும்பி வந்து பிஸ்டனை இணைக்கும் லிங்க் ராடை வளைக்கும். கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி வடியவிடுவது ஒன்றே வழி.

பாப்கேட் யாருக்குப் பொருந்தும்? மரவேலை கைவந்தவர், சொந்தமாக வறண்ட ஹேங்கர் வைத்திருப்பவர், அரிசோனா போன்ற இடத்தில் இருப்பவர், இறக்கை ஏற்கெனவே மறுகட்டப்பட்டு ஒவ்வொரு படிக்கும் புகைப்படம் உள்ள விமானத்தைக் கண்டவர். அப்படி அமைந்தால் தயங்காமல் வாங்கலாம். எரிபொருள் செலவு வருடா வருடம் மிச்சம். அப்போதும் வால்சக்கரத்தை ஒட்டிய கீழ் எஃகுக் குழாய்களைக் கூரான குத்தூசியால் அழுத்திப் பாருங்கள். துணிக்குள் இறங்கும் தண்ணீர் போய்ச் சேரும் கடைசி இடம் அதுதான்.

பீச் வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன்பே எக்ஸ்-ரே ஃபிலிமைக் கேளுங்கள், அறிக்கையோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். ஃபிலிம் இல்லை என்றால் புதிதாக எடுக்கும் செலவை விலையில் கழித்துக்கொண்டு, விரிசல் தெரிந்தால் முன்பணம் முழுதும் திரும்பும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகே தொழில்நுட்பரை அனுப்புங்கள்.